கேட்ட பாஷையில் பதில்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. யூனிபார்மை மட்டும் ஃபேனுக்குக் கீழே போட்டேன், அதுவும் அரை ஈரம். அந்த மணத்தோடு நாள் முழுக்க வார்டில் நடந்தேன்.

தேதி வந்துவிட்டது. 12, வியாழன், பிற்பகல் மூன்று மணி. வீடியோ கால். ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. ஏஜென்சியில் பெயர் கொடுத்து எட்டு மாதம். ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும், பிறகு ஐந்து நிமிடம் பேச்சு, எல்லாம் ஸ்பானிஷில். உச்சரிப்புதான் முக்கியம், பெரிய இலக்கணம் வேண்டாம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்தால் போதும் போல. வாசிக்கப் போவது நானல்லவா.

வயது 44. நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். இது போனால் இனி இல்லை. மகள் அபிஷா பிறந்த வருஷம் சவுதி விசா கையில் வந்தும் போகவில்லை. இதற்குப் போக வேண்டும். இது எனக்கு வேண்டும். மனசுக்குள் வைத்தால் பெரிதாகிக்கொண்டே போகிறது, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ஜெ. கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். மோட்டார் வைண்டிங் செய்த கறுத்த கையோடு நின்றார்.

"நல்லதுதானே. போயிட்டு வா மக்கா."

பனச்சமூடு சந்தைக்குப் போகிறவளிடம் சொல்வது போல.

ஜூன் 4, புதன்

ஆஃப். மழை விட்டு விட்டு. கறி வைக்கவில்லை, முட்டை.

பாடப் புத்தகம் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்காக எழுதியது. என்னை யார் இங்கிலீஷ்காரி ஆக்கினது? ஆனால் தமிழில் ஸ்பா. பாடம் எங்கே கிடைக்கும்? (இனி ஸ்பா. என்றே எழுதுகிறேன். முழுதாக எழுதினாலே பயம்.)

இன்று படித்தது:
உயிர் எழுத்து ஐந்தே. அ எ இ ஒ உ. இழுக்கக் கூடாது, வளைக்கக் கூடாது.
h ஊமை. எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள்.
j தொண்டையிலிருந்து, சளி காறுவது போல. (வார்டில் தினமும் கேட்பதுதான்.)
v-யும் b-யும் ஒன்றுதான்.
z, ஸ்பெயினில், நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டி. தபாத்தோ. செருப்பு.
ñ நம்ம ஞ. மஞானா. நாளைக்கு. இது ஒன்று மட்டும் சும்மா கிடைத்தது.
p, t, k சொல்லும்போது காற்று ஊதக் கூடாது.

கடைசியதற்கு ஒரு சோதனை. வாய்க்கு முன்னால் பேப்பரைப் பிடித்துச் சொல்ல வேண்டும், பேப்பர் அசையக் கூடாது. எனக்கு ஆடிற்று. முன்பு இங்கிலீஷ் பரீட்சைக்குப் போனபோது கோச்சிங் மிஸ் "ஊதுங்க, ஊதுங்க" என்று உயிரை எடுத்தாள். ஊதப் பழகி இரண்டு வருஷம். இப்போது ஊதாதே.

ஜெ.வைச் சொல்லச் சொன்னேன். பேப்பர் அசையவே இல்லை.

"கண்டியா? எனக்கு வேலை கிடைச்சாச்சு. நான் போறேன், நீ மோட்டார் சுத்து."

சிரித்தேன். பிறகு குளியலறையில் தனியாக நின்று முப்பது தடவை சொன்னேன். பேப்பர் நனைந்தது.

ஜூன் 6, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம்.

காலை ரவுண்ட்ஸ். டாக்டரிடம் மலையாளம். மூன்றாம் கட்டில் கொல்லங்கோட்டுக்காரி, அவளிடம் தமிழ். ஐந்தாம் கட்டில் வெள்ளறடைக்காரர், தொடங்குவது மலையாளம், வலி வந்தால் தமிழ். நானும் கூடவே மாறிக்கொண்டேன். சார்ட்டில் இங்கிலீஷ். இதெல்லாம் எழுதும்போதுதான் தெரிகிறது, வாய் தானாகச் செய்கிறது. யார் எந்தப் பாஷையில் கேட்டாலும் அந்தப் பாஷையில் பதில். இங்கே எல்லையில், நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை எல்லாருக்கும் அப்படித்தான். அது மரியாதை. கேட்டவனை மொழிபெயர்க்க விடக் கூடாது.

ஆனால் எந்தப் பாஷையும் சரியாக வராது என்பார்கள். நாகர்கோவில் நர்சிங் ஹாஸ்டலில் என்னை "மலையாளத்தி" என்றார்கள். திருவனந்தபுரத்தில் முதல் வேலையில் "பாண்டி", அதாவது தமிழச்சி. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். ஸ்பா.வில் மட்டும் எல்லாரும் முதல் நாளிலிருந்துதானே தொடங்க வேண்டும்? அதனால்தான் பிடித்தது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் வார்டு பிந்து போன மாதமே தேறிவிட்டாள். கை கழுவும் இடத்தில் பிடித்துக் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"ஒண்ணுமில்ல சேச்சி. ஸ்பானிஷ் மாத்ரம் பறஞ்ஞா மதி. பேடிக்கண்டா."

ஸ்பானிஷ் மட்டும் பேசினால் போதும், பயப்படாதே. அவளுக்கு 26. பயப்படாதே என்று சொல்ல என்ன கஷ்டம்.

வாங்க வேண்டியது: தேங்காய், குடைக்குக் கம்பி, ஜெ.வுக்கு கேஸ் மாத்திரை.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தூறல். ஆராதனைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனோம். பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, வாய்க்குள் சீயா தெ ர்ருவேதாஸ், சீயா தெ ர்ருவேதாஸ். சக்கர நாற்காலி. ஆண்டவர் மன்னிப்பார்.

வெளியே ஸ்டெல்லா மைனி. ஜெ.வின் அக்கா, குளத்தூரில் கட்டிக் கொடுத்தது. என்னைப் பார்த்து, "சுகமாணோ? இன்னு ட்யூட்டி இல்லே?" என்றார்கள். சுகமா, இன்று ட்யூட்டி இல்லையா. "இல்லா" என்றேன், மலையாளத்திலேயே. அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக இப்படி. அவர்கள் மகள் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை, பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அன்று வாசலில் வைத்து மலையாளத்தில், "வந்நல்லோ, சந்தோஷம்." வந்தாயே, சந்தோஷம் என்று. அதுவரை என்னிடம் தமிழைத் தவிர வேறு பேசாதவர்கள். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இங்கே சொந்தத்துக்குள் யாரும் திட்டி முறித்துக்கொள்வதில்லை. பாஷையை மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு சிரிப்பார்கள், நலம் கேட்பார்கள், பலகாரம் கொடுத்துவிடுவார்கள், ஆனால் நீ வெளி ஆள். திட்டினால்கூடத் தாங்கலாம்.

திரும்பும்போது ஜெ. "அவ கெடக்கா, விடுட்டி" என்றார். கடையில் பாதி நாள் அவருக்கு மலையாளம்தான், ஆனால் வீட்டுப்படி ஏறினால் தமிழ். நாங்கள் பெரிய சண்டை போட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தபோதும் ஐந்தாம் நாள் "சோறு போடு" என்று தமிழில்தான் வந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

பலத்த மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. இன்னும் இரண்டு நாள்.

இரட்டை r வரவே இல்லை. நாக்கு நுனி துடிக்க வேண்டும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பர்ரீகா, வயிறு. வயிற்றைச் சொல்லத் தெரியாத நர்ஸ்.

ஜெ. பக்கத்தில் உட்கார்ந்து, பழைய டீசல் மோட்டார் ஸ்டார்ட் ஆவது போல ர்ர்ர்ர்ர் என்று விட்டார். சுத்தம். எனக்கு அழுகை வந்தது.

"எட்டீ, வெப்ராளப்படாத, பதறாத. பல்லைக் கடிக்காத. நாக்கைச் சும்மா விடு, காத்து அதைப் பாத்துக்கிடும்."

சும்மா விட்டேன். பத்தில் ஒன்று வந்தது. பிறகு பத்தில் மூன்று.

ஃபோன் வைக்க ஒரு ஸ்டாண்டு செய்து தந்தார், பழைய ஃபேன் பிராக்கெட்டை வளைத்து, செம்புக் கம்பி சுற்றி. முகம் நேராகத் தெரிகிறது.

"அங்க தனியாட்டா இருக்கணும்?"

"பிந்து உண்டு. ரெண்டு வருஷம் கழிஞ்சா குடும்பத்தையும் கூப்பிடலாம்."

"கடைய யாரு பாப்பா?" என்று சிரித்தார். பிறகு குக்கரில் ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டார். மூன்று என்றேன். தோந்தெ லெ துவேலெ, தோந்தெ லெ துவேலெ. எங்கே வலிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலை. தூக்கம் இல்லை. அபிஷா ஹாஸ்டலிலிருந்து ஃபோனில் ஜெபம் செய்தாள்.

கட்ட வேண்டிய சேலை: நீலம். வேண்டாம், சந்தன நிறம். நீலம்.

மாலை. முடிந்தது. நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டு ஃபோனை வைத்தேன். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

தேர்வு வைத்த அம்மா பெயர் பிலார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கிற்று, நல்ல முகம். வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். என்ஃபெர்மேரா (நர்ஸ்), அல்மோஆதா (தலையணை), இரட்டை r-உம் வந்தது, பேப்பர் வைத்திருந்தால் அசைந்திருக்காது. "மூய் பியென்" என்றார்கள். ரொம்ப நன்று.

அப்புறம் என் பயத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஃபோனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, மெதுவாக, இங்கிலீஷில், கவலைப்படாதே, நிதானமாக இரு, எங்கே வசிக்கிறாய், அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள்.

நான் சொன்னேன். எல்லை என்றேன், ரப்பர் மரம், மழை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ், மகள், கணவரின் கடை. ஐந்து நிமிடமும் பேசினேன். ஒரு திக்கல் இல்லை. அவர்கள் தலையாட்டினார்கள், ஒன்றிரண்டு தடவை ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார்கள். நான் இன்னும் சந்தோஷமாகப் பேசினேன்.

வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஜெ. வராந்தாவில் கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். முகம் ஒரு மாதிரி.

"எட்டீ, நீ எதுக்கு இங்கிலீஷுல பேசின?"

அப்போதுதான் தெரிந்தது. சத்தியமாக அப்போதுதான்.

ஐந்து நிமிடமும் இங்கிலீஷ். கேட்டவர் இங்கிலீஷில் கேட்டார், நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். மூன்றாம் கட்டில், ஐந்தாம் கட்டில் மாதிரி. இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எந்த ஊர்க்காரி செய்வாள்?

ஜூன் 13, வெள்ளி

மழையா வெயிலா, கவனிக்கவில்லை.

மெயில் வந்தது. வாசிப்பு, உச்சரிப்பு: நன்று. உரையாடல்: தேர்வு மொழியில் பேசவில்லை. ஒரே ஒரு மறு வாய்ப்பு, 19, வியாழன், அதே நேரம்.

ஏஜென்சிக்காரர் ஃபோன் செய்தார். "அவங்க இரக்கப்பட்டு இங்கிலீஷ் பேசியிருப்பாங்க மேடம். நீங்க அதுல விழப்படாது. இந்தத் தடவையும் அவங்க அப்படிப் பேசுனா, நீங்க ஸ்பானிஷ விடப்படாது. அதுவும் போச்சுன்னா வேற வழியில்ல."

விழப்படாது என்கிறார். அது விழுவதா? மரியாதை அல்லவா.

பிந்துவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவள் பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். அது இன்னும் மோசம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

பழக்கம் தொடங்கினோம். ஜெ.தான் பிலார் அம்மா. கட்டிலில் உட்கார்ந்து, என் மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அவர் தமிழில் கேட்பார், நான் ஸ்பா.வில் பதில் சொல்ல வேண்டும்.

"நீ எந்த ஊராக்கும்?"

"எல்லைக்குப் பக்க..." தமிழ்.

"தோத்தாச்சு. எந்த ஊராக்கும்?"

"பீபோ தேர்க்கா தெ லா ஃப்ரோன்தேரா." எல்லைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன்.

"மழை உண்டா அங்க?"

"யுவேபெ மூச்சோ." நிறைய மழை.

வார்த்தை வருகிறது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை. அவர் தமிழில் கேட்கும்போது வேறு பாஷையை எடுத்து அவர் முன்னால் வைக்கிறேன், ஸ்டெல்லா மைனி எனக்கு வைப்பது போல. பத்தாவது கேள்வியில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். "மேல பாரு" என்றார். மேலே பார்த்ததும் தமிழ் வந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மதியத்துக்கு மேல் மழை. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, இரட்டை வேலை. கால் வீங்கியிருக்கிறது.

மூன்றாவது நாள் பழக்கம். இன்று இருபது கேள்விக்கு இருபதும் ஸ்பா., கண்ணைப் பார்த்தே. எனக்கு ஒரே சந்தோஷம். தொடர்ந்து கேளுங்கள் என்றேன். ஜெ. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போரும்டி. பகைக்காரிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"விளையாட்டுதானே?"

"விளையாட்டுதான்," என்றார். "வெளிய மோட்டார் ஒண்ணு கெடக்கு, பாத்துட்டு வாறேன்."

வெளியே மோட்டார் எதுவும் இல்லை. மழைதான் இருந்தது. சிறிது நேரம் கழித்துத் தலை நனைந்து வந்தார். துண்டு கொடுத்தேன்.

ஸ்டாண்டில் கம்பி தளர்ந்திருக்கிறது, முறுக்க வேண்டும். நீலச் சேலை ராசி இல்லை. வேறு.

ஜூன் 19, வியாழன்

மழை. ஓட்டில் விழும் சத்தம் மைக்கில் கேட்குமோ என்று பயம். ஜெ. கடையைத் திறக்கவில்லை. கதவோரம் நிற்க வேண்டாம் என்றேன், அடுக்களைக்குப் போய்விட்டார்.

அதே பிலார் அம்மா. வேறு யாராவது வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வாசிப்பு முடிந்தது. அவர்கள் முகத்தில் அதே இரக்கம். இங்கிலீஷில் கேட்டார்கள்: இன்று எப்படி இருக்கிறாய், லதா?

தொண்டை வரை இங்கிலீஷ் வந்தது. விழுங்கினேன்.

"தெங்கோ மியேதோ," என்றேன். பயமாக இருக்கிறது.

அவர்கள் சிரிப்பு நின்றது. செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று எனக்குக் காது சூடாயிற்று. நல்ல மனுஷி, கை நீட்டுகிறார், நான் தட்டிவிடுகிறேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். மறுபடி ஸ்பா.வில் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் அவர்களே ஸ்பா.வுக்கு வந்துவிட்டார்கள். எங்கே வசிக்கிறாய். பீபோ தேர்க்கா தெ லா ஃப்ரோன்தேரா. குழந்தைகள் உண்டா. தெங்கோ ஊனா இஹா, ஒரு மகள் உண்டு. காறி வந்தது j, அருமையாக.

கடைசிக் கேள்வி: நீ இங்கே வருவதைப் பற்றி உன் கணவர் என்ன சொல்கிறார்?

"மி மரீதோ எஸ்தா கொந்தெந்தோ." கணவர் சந்தோஷமாக இருக்கிறார்.

ஒரு பிசகு இல்லை. அன்று பேசியதிலேயே சுத்தமாக வந்தது அதுதான். அவர்களும் "பெர்ஃபெக்தோ" என்றார்கள். சொல்லி முடித்த பிறகு, அவரிடம் நான் இதைக் கேட்டதே இல்லை என்று ஞாபகம் வந்தது.

ஜூன் 21, சனி

காலையில் மழை விட்டது. ஆஃப். மாவு அரைக்கக் கொடுத்தேன். குடைக்குக் கம்பி இன்னும் வாங்கவில்லை.

பதினொன்றே காலுக்கு மெயில். தேறிவிட்டேன். மூன்று தடவை படித்தேன். செப்டம்பரில் புறப்பட வேண்டும். அழுதேன், சத்தமாக, வீட்டில் யாரும் இல்லை. அபிஷாவிடம் சொன்னேன், அவளும் அழுதாள். பிந்து ஃபோனில் கூவினாள்.

ஜெ.விடம் மட்டும் ஃபோனில் சொல்லவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று. மதியம் சாப்பிட வந்தார். கை கழுவிக்கொண்டிருந்தார், முதுகு எனக்கு.

"கிடைச்சாச்சு," என்றேன். "செப்டம்பர்ல போணும்."

கை கழுவுவது நின்றது. பிறகு மறுபடி சோப்புப் போட்டார். திரும்பாமலே சொன்னார்:

"நந்நாயி. எந்நா போகேண்டது?"

நல்லதாயிற்று, என்று போக வேண்டும். மலையாளத்தில். என்னிடம்.

கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். இருபது வருஷம். வாய்க்குள் மலையாளம் வந்துவிட்டது, "செப்டம்பர் பத்தினு" என்று தயாராக, தானாக. சொல்லியிருந்தால் அவ்வளவுதான், அந்த வாசலில் மைனிக்கும் எனக்கும் ஆனதுதான். பல்லைக் கடிக்காமல், நாக்கைச் சும்மா விட்டு, நின்றேன்.

"பத்தாம் தேதி. சோறு போடட்டா?" என்றேன். தமிழில்.

"எனிக்கு விசப்பில்லா."

பசியில்லையாம். மலையாளம்.

"மீன் பொரிச்சது உண்டு. இருங்க."

"வேண்டா."

"இஞ்ச திரும்புங்க. என்ன பாருங்க."

குழாயை மூடினார். திரும்பினார். கண் சிவந்திருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க என்ன நினைக்கியன்னு நான் கேக்கவே இல்ல. இப்பம் கேக்கேன். சொல்லுங்க."

கையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. பிறகு தமிழில் சொன்னார்.

"பயமா இருக்குட்டி."

எனக்கும், என்றேன். சோறு போட்டேன்.